கிண்டியில் சிவில் படித்தவர் செயற்கை நுண்ணறிவுக்குப் போன வழி

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் வீடுகளில் ஒரே பேச்சுதான். ‘ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்’ கிடைக்குமா, அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸாவது கிடைக்குமா? சிவிலோ மெக்கானிக்கலோ ஒதுக்கீடானால் பல பிள்ளைகள் முகம் வாடிப்போகிறார்கள். செயற்கை நுண்ணறிவுப் பக்கம் இனி எட்டிப் பார்க்கவே முடியாது என்று பதினேழு வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தத் துறைக்குள் ஒரு பொறியாளர் எப்படி நுழைகிறார், எதைப் படிக்கிறார், முதல் சில வேலைகளில் எதைக் கற்கிறார் என்பதை ஒருவருடைய வாழ்க்கையை வைத்தே பார்த்துவிடலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து, 1994-ல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருதைப் பெற்ற ராஜ் ரெட்டியின் வாழ்க்கை அது. ஆசிய வம்சாவளியினரில் அந்த விருதை முதலில் பெற்றவர் அவர்தான்.

முழுப்பெயர் டப்பாலா ராஜகோபால் ரெட்டி. 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். முதல் தலைமுறைப் பட்டதாரி. கிண்டியில் 1958-ல் பி.இ. முடித்தார். அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கிண்டிக்கு வருவது இயல்பு. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் சிவில்தான் முதன்மையான படிப்பு. அணை, பாலம், சாலை என்று நாடே கட்டுமானத்தில் இறங்கியிருந்த ஐம்பதுகளில், சிவில் பொறியாளருக்கு இருந்த மதிப்பு இன்று மென்பொருள் பொறியாளருக்கு இருப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

கணினி என்ற ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே அப்போது அரிது. இந்தியாவின் முதல் கணினி 1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குத்தான் வந்தது. கிண்டியில் மாணவருக்குக் கிடைத்தவை நழுவுகோலும் மடக்கை அட்டவணையும்தான். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரே 1955-ல்தான் பிறந்தது. ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் அடுத்த ஆண்டு டார்ட்மவுத் கல்லூரியில் நடத்தவிருந்த கோடைக்காலக் கூட்டத்துக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஆகவே, அந்தத் துறைக்கென்று ஒரு பட்டப்படிப்பைத் தேடியிருந்தாலும் ரெட்டிக்குக் கிடைத்திருக்காது.

அப்படியானால் சிவிலிலிருந்து கணினிக்குப் பாதை எங்கே இருந்தது? பலர் இதைத் தற்செயல் என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய மாணவருக்குத் தேவையான செய்தி இங்கேதான் இருக்கிறது.

ஒரு பல மாடிக் கட்டடத்தின் தூண்களும் உத்தரங்களும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும், சுமை ஏறும்போது எவ்வளவு நகரும், எவ்வளவு திரும்பும் என்று கணக்கிட வேண்டும். ஒரு சந்திப்பின் நகர்வு அடுத்ததைப் பாதிக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சமன்பாடுகளாக எழுத வேண்டும். இருபது, முப்பது மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகள் வந்து நிற்கும். கையால் தீர்க்க நாள்கணக்கில் ஆகும், நடுவில் ஓர் எண் தவறினால் முழுவதும் தவறு. இந்தச் சுமையைத் தவிர்க்கத்தான் ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1930-ல் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் ஒரு முறையை வெளியிட்டார். மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் என்று சிவில் மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். கணினி வந்ததும் அந்தச் சமன்பாடுகளை ‘விறைப்பு அணி’ என்ற அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதி நேரடியாகவே தீர்க்க முடிந்தது. கணினியை முதலில் தேடிப்போனவர்களில் கட்டமைப்புப் பொறியாளர்களும் இருந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். இன்றைய நரம்பணி (நியூரல் நெட்வொர்க்) மாதிரிகளின் உள்ளே ஓயாமல் நடக்கும் வேலை என்ன? எண்களின் ஒரு வரிசையை எடுத்து ஓர் அணியால் பெருக்குவது, கிடைத்ததை ஒரு சார்பின் வழியாக அனுப்புவது, அதை இன்னோர் அணியால் பெருக்குவது. கட்டடத்தின் விறைப்பு அணியும் மொழி மாதிரியின் எடை அணியும் வெவ்வேறு பொருளைக் குறிக்கின்றன, ஆனால் அவற்றைக் கையாளும் கணிதம் ஒன்றே. முதலாமாண்டில் அணிக்கணிதத்தை வெறும் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் சிவில் மாணவரும் சரி, ஏ.ஐ. மாணவரும் சரி, இழப்பது ஒரே சாவியைத்தான்.

ரெட்டி கிண்டியிலிருந்து ஆஸ்திரேலியா போனார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960-ல் எம்.டெக். முடித்தார். அங்கே 1956 முதலே யூட்டிகாம் என்று பெயரிட்ட ஒரு கணினி இயங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த ‘டியூஸ்’ வகை இயந்திரம் அது. வெற்றிடக் குழல்களால் ஆனது. ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்றது. பாதரசம் நிரப்பிய குழாய்களுக்குள் ஒலித்துடிப்புகளைச் சுற்றவிட்டு நினைவகமாகப் பயன்படுத்தினார்கள். அந்த விரைவு நினைவகத்தில் சில நூறு எண்களுக்குத்தான் இடம். டியூஸின் மூலம் ‘பைலட் ஏஸ்’ என்ற சோதனைக் கணினி. அதற்கும் மூலம், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஆலன் டியூரிங் வரைந்த வடிவமைப்பு. பின்னாளில் டியூரிங் பெயரிலான விருதை வாங்கப்போகிறவர், டியூரிங்கின் வடிவமைப்பிலிருந்து வந்த இயந்திரம் இருந்த வளாகத்தில் மாணவராக இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாற்றுத் தகவல்.

எம்.டெக். முடித்ததும் ஆஸ்திரேலியாவிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை. 1960 முதல் மூன்று ஆண்டுகள் ‘அப்ளைடு சயின்ஸ் ரெப்ரசென்டேட்டிவ்’ என்ற பதவி. பெயரைக் கேட்டால் விற்பனைப் பிரதிநிதி போலத் தோன்றும். அன்று அந்தப் பதவியில் இருந்தவர்கள் விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் கணினிக்கும் நடுவில் நின்றார்கள். வாடிக்கையாளர் தன் கணக்கைத் தன் துறையின் மொழியில் சொல்வார். அதை இயந்திரம் செய்யக்கூடிய படிகளாகப் பிரிப்பது, எது முடியும் எது முடியாது என்று நேர்மையாகச் சொல்வது, நிரல் எழுத உதவுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

இந்த மூன்று ஆண்டுகளை ரெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தெளிவில்லாத ஒரு தேவையைக் கணக்காக மாற்றும் பழக்கம் வகுப்பறையில் வருவதில்லை, ஏனென்றால் வகுப்பறைக் கணக்கில் என்ன கேட்கிறார்கள் என்பது முன்பே எழுதியிருக்கும். இன்று ஏ.ஐ. பொறியாளராக வேலைக்குச் சேர்கிறவரின் நாளில் பெரும்பகுதி இதிலேயே போகிறது: கேட்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும், அதற்கான தரவு இருக்கிறதா, அந்தத் தரவில் எவ்வளவு குப்பை இருக்கிறது. மாதிரியைப் பயிற்றுவிப்பது அதன் பிறகுதான்.

1963-ல் ரெட்டி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். மெக்கார்த்தி எம்.ஐ.டி.யை விட்டு அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே வந்திருந்தார். ஜார்ஜ் ஃபோர்சைத் என்ற கணிதப் பேராசிரியரின் முயற்சியால் 1965-ல் அங்கே கணினி அறிவியல் தனித் துறையானது. அடுத்த ஆண்டே, 1966-ல், மெக்கார்த்தியின் வழிகாட்டலில் ரெட்டி முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். துறை பிறந்து ஓராண்டு, அதன் முதல் முனைவர்களில் ஒருவராக ஒரு சிவில் பட்டதாரி.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல், மனிதர் பேசுவதைக் கணினி புரிந்துகொள்வது. அந்தச் சிக்கல் எவ்வளவு கடினமானது என்பதைப் புரிந்துகொண்டால்தான், அதைத் தேர்ந்தெடுத்த துணிவு புரியும்.

நாம் பேசும்போது காற்றில் அழுத்தம் கூடியும் குறைந்தும் அலையாகப் பரவுகிறது. ஒலிவாங்கி அதை மின்னழுத்தமாக்குகிறது. அந்த மின்னழுத்தத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக்க வேண்டும்; இன்றைய பேச்சுணரிகளில் நொடிக்கு 16,000 முறை என்பது வழக்கம். ஆக, ‘வணக்கம்’ என்று ஒருமுறை சொன்னால் கணினியின் முன் ஆயிரக்கணக்கான எண்கள் வந்து விழும். அதில் ‘வ’ எங்கே முடிந்தது, ‘ண’ எங்கே தொடங்கியது என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது.

ரெட்டியின் ஆய்வு இந்த அலையையே நேரடியாக ஆராய்ந்தது. அலை எவ்வளவு உயரமாக இருக்கிறது, பூச்சியக் கோட்டை எத்தனை முறை வெட்டிக் கடக்கிறது என்ற இரண்டு எளிய அளவுகளை வைத்தே நிறையச் சொல்லிவிடலாம். ‘ஆ’ என்று நீட்டினால் அலை உயரமாக இருக்கும், கோட்டை வெட்டுவது குறைவு. ‘ஸ்’ என்றால் உயரம் குறைந்து, வெட்டுவது மிக அதிகமாகும். ‘ப்’ என்று உதடு மூடும் கணத்தில் அலை ஏறக்குறைய அடங்கிவிடும். இந்த மாற்றங்களைப் பின்பற்றிப் பேச்சைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கும் என்று கணிக்கலாம். அன்றைய கணினிகளின் சிறிய நினைவகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இந்த எளிமை மிகப் பொருத்தமாக இருந்தது.

முனைவர் பட்டத்துக்குப் பின் ஸ்டான்ஃபோர்டிலேயே உதவிப் பேராசிரியராக மூன்று ஆண்டுகள் இருந்தார். அங்கே மெக்கார்த்தியின் ஆய்வகத்தில் கணினிக்குக் கையும் கண்ணும் காதும் பொருத்தும் முயற்சி நடந்தது. ஒரு கேமரா மேசைமேல் இருக்கும் கட்டைகளைப் பார்க்கும், இயந்திரக் கை அவற்றை எடுக்கும், எதை எடுக்க வேண்டும் என்று வாயால் சொல்லலாம். காது ரெட்டியின் பொறுப்பு. 1968-ல் மெக்கார்த்தி, ஏர்னஸ்ட், ரெட்டி, விசென்ஸ் நால்வரும் இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பியர் விசென்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து ரெட்டி உருவாக்கிய முறை, ஒருவர் தனித்தனியாகச் சொல்லும் 500-க்கும் மேற்பட்ட சொற்களை அடையாளம் காணும் அளவுக்கு வளர்ந்தது.

1969-ல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அதே ஆண்டு பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் ஓர் ஆய்விதழில் கடுமையான ஒரு கடிதம் எழுதினார். பேச்சுணர்தல் ஆய்வு எங்கும் போய்ச் சேரவில்லை, பொருளும் மொழியும் தெரியாத இயந்திரத்தால் பேச்சைப் பொதுவாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பியர்ஸ் சாதாரணமானவர் அல்லர், தகவல் தொடர்புத் துறையில் பெரிய பெயர். அவர் பேச்சைக் கேட்டு ரெட்டி இந்தச் சிக்கலைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ரெட்டி தொடர்ந்தார். பியர்ஸ் சொன்னதில் ஒரு பாதி சரி என்பது அடுத்து ரெட்டி குழு செய்த வேலையிலேயே தெரிகிறது: ஒலி மட்டும் போதாது, மொழியறிவும் பொருளறிவும் வேண்டும்.

‘பலகை’ என்று ஒருவர் வேகமாகச் சொன்னால் அது மரப்பலகையா, ‘பல கை’யா? சூழலை வைத்துத்தான் நாம் முடிவு செய்கிறோம். கணினிக்கும் அந்தச் சூழலைக் கொடுக்க வேண்டும். ரெட்டி குழு எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த ‘ஹியர்சே’ முறைக்குச் சதுரங்க ஆட்டத்தையே களமாக எடுத்துக்கொண்டார்கள். பேசுபவர் ஒரு நகர்த்தலைச் சொல்கிறார். ஒலியில் ஐயம் வந்தால், அந்தக் கட்டத்தில் சதுரங்க விதிப்படி எந்த நகர்த்தல்கள் சாத்தியம் என்று நிரல் பார்க்கும். சாத்தியமற்றவை விலகிவிடும், மிஞ்சியவற்றில் காதில் விழுந்ததற்கு நெருக்கமானது எடுக்கப்படும்.

அடுத்து வந்த ‘ஹியர்சே-2’ இதைப் பொதுவாக்கியது. ஒரு கரும்பலகையைச் சுற்றி நிற்கும் வல்லுநர்களைப் போல, ஒலியைத் தெரிந்த நிரல், சொற்களைத் தெரிந்த நிரல், இலக்கணத்தைத் தெரிந்த நிரல் ஆகியவை தத்தம் ஊகங்களை ஒரு பொது இடத்தில் எழுதும். ஒன்று எழுதியதைப் பார்த்து இன்னொன்று திருத்தும், வலுவூட்டும், அல்லது மறுக்கும். ‘கரும்பலகை’ முறை என்ற பெயரிலேயே இது செயற்கை நுண்ணறிவின் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்ப்பா 1971-ல் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்காக ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இலக்கு: 1,000 சொற்கள், இடைவெளி விடாத இயல்பான பேச்சு, 10 சதவீதத்துக்கும் குறைவான பிழை. 1976-ல் அந்த இலக்கை எட்டியது கார்னெகி மெலனின் ‘ஹார்ப்பி’. புரூஸ் லோவர் என்ற மாணவர் தன் முனைவர் ஆய்வாகச் செய்தது. 1,011 சொற்கள். ஒலி, சொல், இலக்கணம் மூன்றையும் முன்கூட்டியே ஒரே வலையாகப் பின்னிவிட்டு, பேச்சு வரவர அந்த வலையில் நம்பத்தகுந்த பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடும். பீம் தேடல் என்ற அந்த உத்தி இன்றும் பேச்சுணரிகளிலும் மொழிபெயர்ப்பு மாதிரிகளிலும் வேலை செய்கிறது.

ரெட்டியின் மாணவர் வரிசையில் ஜேம்ஸ் பேக்கர் நிகழ்தகவு முறையைப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். கை-ஃபூ லீ 1988-ல் ‘ஸ்ஃபிங்ஸ்’ முறையால் யார் பேசினாலும் கேட்கும் நிலைக்குக் கொண்டுபோனார். கார்னெகி மெலனில் 1979-ல் தொடங்கிய ரோபோட்டிக்ஸ் நிலையத்துக்கு ரெட்டியே முதல் இயக்குநர். ஆனால் இவை அவர் நிலைபெற்ற பிந்தைய கதை.

வேறு துறையிலிருந்து வந்தவர் ரெட்டி மட்டுமல்லர். 1994-ல் அவரோடு விருதைப் பகிர்ந்துகொண்ட எட்வர்ட் ஃபைகன்பாம் மின்பொறியியல் பட்டதாரி. கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது, செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமனின் வகுப்பில் சேர்ந்தார். 1956 ஜனவரியில் சைமன் ஐ.பி.எம். 701 கணினியின் கையேட்டைக் கையில் கொடுக்க, அதை ஒரே இரவில் படித்து முடித்துவிட்டுத் தன் வாழ்க்கைத் துறையை முடிவு செய்துகொண்டார். அந்த சைமன் படித்தது அரசியல் அறிவியல். அவருடைய கூட்டாளி ஆலன் நியூவெல் இயற்பியல் பட்டதாரி. மெக்கார்த்தி கணிதம். நம் காலத்துக்கு வந்தால், நரம்பணி ஆய்வின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் இளநிலையில் படித்தது சோதனை உளவியல்.

‘அவர்கள் காலம் வேறு, அப்போது படிப்பே இல்லை, இப்போது இருக்கிறதே’ என்று ஒரு பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இந்தியாவில் ஐ.ஐ.டி. ஹைதராபாத் 2019-ல் செயற்கை நுண்ணறிவில் பி.டெக். தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் 2024-ல் தொடங்கிவிட்டது. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் அந்தப் படிப்பு கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். பாதை குறுகும் என்பதில் ஐயமில்லை. என் கவலை வேறு. துறையின் பெயரை மட்டும் பார்த்து, கணிதம் சொல்லித்தர ஆளில்லாத கல்லூரியில் சேர்ந்து, நான்காண்டு கழித்து ஆயத்த நிரல்களை ஓட்டத் தெரிந்தவராக மட்டும் வெளியே வருவது. ஒரு மாதிரி ஏன் தவறான விடை தருகிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அணிக்கணிதமும் நிகழ்தகவும் வகை நுண்கணிதமும் இல்லாமல் அந்தக் கேள்விக்குள் இறங்கவே முடியாது.

நல்ல கல்லூரியில் சிவில் கிடைத்த மாணவருக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. பாலத்தின் விரிசலைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் நிரல் செய்வதென்றால், எந்த விரிசல் வெறும் பூச்சு வெடிப்பு, எது உள்ளே கம்பி துருப்பிடித்ததைக் காட்டுகிறது என்று பிரித்துத் தரவைக் குறிக்க ஒருவர் வேண்டும். ஏரிக்கு வரும் நீர்வரத்தை முன்கணிக்க வேண்டுமானால், மழைமானி எங்கே நின்று அளக்கிறது, மதகு திறந்த கணக்கு எப்படி எழுதப்படுகிறது, எந்த எண்ணை நம்பக்கூடாது என்று தெரிந்தவர் வேண்டும். ரெட்டி சதுரங்க விதியைக் கொண்டு ஒலியின் ஐயத்தைத் தீர்த்தது போலவே, துறையறிவு இங்கே மாதிரியின் ஐயத்தைத் தீர்க்கிறது.

நடைமுறை வழியும் இருக்கிறது. முதலிரண்டு ஆண்டுகளில் கணிதத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டு, பைத்தானில் நிரல் எழுதப் பழகலாம். கல்லூரியில் ஆசிரியர் போதவில்லையென்றால் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றாமாண்டில் தன் துறையிலேயே தரவு கிடைக்கும் ஒரு சிக்கலை எடுத்து, முடிக்கும்வரை விடாமல் செய்ய வேண்டும். அந்த ஒன்றே நேர்முகத்தில் பேசுவதற்குப் போதும். மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு ‘கேட்’ தேர்வில் 2024 முதல் ‘டேட்டா சயின்ஸ் அண்ட் ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்று தனித் தாள் வந்திருக்கிறது. எந்தப் பொறியியல் பிரிவில் படித்தவரும் எழுதலாம். நிகழ்தகவும் புள்ளியியலும், அணிக்கணிதம், நுண்கணிதமும் உகப்பாக்கமும் என்றுதான் அதன் பாடத்திட்டம் தொடங்குகிறது. நிரலாக்கமும் இயந்திரக் கற்றலும் அவற்றுக்குப் பிறகே வருகின்றன.